குறிகட்டுவானில் படகேறும் விஞ்ஞானம்

விஞ்ஞான ஆசிரியர்களைத் துருவப் பனிக்கு ஆய்வாளர்களோடு அனுப்பிய அமெரிக்காவின் போலார்ட்ரெக் போன்ற திட்டங்களைப் பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்பார்கள். யாழ்ப்பாணத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் கற்பித்த அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், 1829 மார்ச் சந்திர கிரகணத்தன்று விசுவநாத சாஸ்திரியின் பஞ்சாங்கக் கணிப்பை வானத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். மதம் பரப்பும் நோக்கம் இருந்தது மெய்தான்; ஆனால் பார்த்துத் தீர்க்கும் பழக்கம் அதனால் பொய்யாகிவிடாது. இன்று குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகேறும் ஆசிரியருக்குக் களம் ஒரு மணி நேரக் கடலுக்கு அப்பால்தான்: முருகைக்கல் வேலி, அடியில் சுண்ணக்கல், உவர்நீர்மேல் மிதக்கும் நன்னீரைத் தரும் கிணறு. இந்தப் போக்குவரத்து ஆய்வாகுமா என்று கேட்கலாம். கிணற்று உவர்ப்பை மாதந்தோறும் மாணவரோடு அளந்து குறித்தால் ஆகும். கல்வித் திணைக்களம் ஓர் உவர்ப்புமானியும் கொஞ்சம் நேரமும் கொடுக்கட்டும்.