சூரியனைக் "கண்டுபிடித்த" பெரியவர்

விஞ்ஞானச் செய்தி ஒன்று நாளேட்டில் வெளிவந்தால் அதைப் படிப்போர் பல வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். "உலகமே மாறிவிடப் போகிறது" என்று வாய் பிளப்போர் சிலர். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று உதட்டைப் பிதுக்குவோர் சிலர். இன்னும் சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் இரண்டு வகை உண்டு. கணக்குப் பார்த்தபின் வரும் சிரிப்பு ஒன்று; கணக்குப் பாராமலே வரும் சிரிப்பு மற்றொன்று. ஒரு புதிய விளக்கைப் பற்றிய செய்தியைப் படித்துச் சிரித்த ஒரு வாசகரின் கடிதத்தையும், அதன் பின்னே வந்த சரித்திரத்தையும் இன்று காண்போம். அந்தச் சரித்திரம் நம் தோட்டங்களின் விடியற்காலை வரை நீண்டு வருகிறது.

1780ஆம் ஆண்டுவாக்கில் சுவிட்சர்லாந்து நாட்டவரான அமி ஆர்கண்ட் ஒரு புதுவகை எண்ணெய் விளக்கை உருவாக்கினார். அதுவரை விளக்குத் திரி என்றால் முறுக்கிய நூல்தான். திரியின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. ஆகவே புகை மிகும், வெளிச்சம் குறையும். ஆர்கண்ட் திரியைக் குழாய் வடிவில் அமைத்தார். அதன் உள்ளும் புறமும் காற்று ஏறியது. சுடரைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழல் நின்றது. பல மெழுகுவர்த்திகளின் ஒளியை ஒரே விளக்கு கொடுத்தது. மின்சாரம் வராத காலத்தில் நம் லயத்து வீடுகளில் எரிந்த சிம்னி விளக்கு அந்த விளக்கின் வழி வந்ததே.

பாரிஸ் நகரில் கேன்கே, லாஞ் என்னும் இருவர் அதே முறையில் ஒரு விளக்கைச் செய்து தங்கள் கண்டுபிடிப்பாகக் காட்டினர். பிரெஞ்சு மொழியில் அவ்வகை விளக்குக்குக் கேன்கே என்ற பெயரே நிலைத்துவிட்டது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்!

அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டவர், அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 78. 1784ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் 'ஜர்னல் டி பாரிஸ்' என்னும் நாளேட்டில், ஆசிரியருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் வெளிவந்தது. அதை எழுதியவர் அவரே. பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதங்களில் சரித்திரத்தில் இடம் பெற்ற சிலவற்றுள் அது ஒன்று.

கடிதத்தின் சாரம் இதுதான். ஒரு மாலைக் கூட்டத்தில் அந்தப் புதிய விளக்கைக் காட்டினார்கள். எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் ஒரு கேள்வி எழுந்தது: தருகிற ஒளிக்குத் தக்கபடி அது எண்ணெயையும் குடித்தால் அதில் என்ன சேமிப்பு? நம் வீட்டுப் பெண்களும் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்கள். கூட்டம் முடிந்து பின்னிரவில் வீடு திரும்பிப் படுத்த பிராங்க்ளின், காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம் கேட்டு விழித்தார். அறை முழுதும் வெளிச்சம்! யாரோ அந்தப் புதிய விளக்குகளைக் கொண்டுவந்து ஏற்றி வைத்துவிட்டார்களோ என்று எண்ணினார். பார்த்தால், வேலையாள் சன்னல் கதவுகளை மூட மறந்திருந்தான். உள்ளே வந்தது சூரிய வெளிச்சம்.

அதோடு விட்டாரா? பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சூரியன் அத்தனை அதிகாலையில் உதிப்பது மெய்தான் என்று அதில் கண்டிருந்தது. அடுத்த மூன்று நாட்களும் அதே நேரத்தில் எழுந்து சோதித்தார். உதித்தவுடனே சூரியன் ஒளி தருகிறது என்ற "கண்டுபிடிப்பை" அப்போதுதான் உறுதி செய்தாராம்! நண்பரான ஓர் அறிஞர் இதை நம்பவில்லையாம். அந்த நேரத்தில் வெளியே வெளிச்சம் இருக்க முடியாது. ஆகவே திறந்த சன்னல் வழியே வெளிச்சம் உள்ளே வரவில்லை, உள்ளே இருந்த இருட்டுதான் வெளியே போயிருக்கிறது என்று விளக்கம் தந்தாராம்!

சிரிக்க வைத்த பெரியவர் அடுத்துக் கணக்கைப் போடுகிறார். மார்ச் 20 முதல் செப்டம்பர் 20 வரை 183 இரவுகள். இரவுக்கு 7 மணி நேரம் மெழுகுவர்த்தி எரிகிறது. ஆக 1,281 மணி. பாரிஸில் ஒரு லட்சம் குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால் 12 கோடியே 81 லட்சம் மணி. மணிக்கு அரை ராத்தல் மெழுகு என்றால் 6 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் ராத்தல். அன்றைய விலைப்படி 9 கோடியே 60 லட்சத்து 75 ஆயிரம் லிவர் பணம் புகையாகப் போகிறது. சூரியனோ காசு வாங்காமல் எரிகிறது!

இதைத் தடுக்க அவர் சொன்ன வழிகளும் வேடிக்கையானவை. வெயிலை மறைக்கும் சன்னல் கதவுகளுக்கு வரி போடவேண்டும். ஒரு குடும்பத்திற்கு வாரம் ஒரு ராத்தல் மெழுகுவர்த்திக்கு மேல் விற்காதபடி கடைகளில் காவல் வைக்கவேண்டும். மருத்துவர், மருத்துவச்சி முதலானோரின் வண்டிகளைத் தவிர மற்ற வண்டிகளை இருட்டியபின் ஓடவிடக் கூடாது. சூரியன் உதித்ததும் கோயில் மணிகள் எல்லாம் ஒலிக்கவேண்டும். அப்படியும் எழாதவர்களுக்குத் தெருவுக்குத் தெரு பீரங்கி முழங்கவேண்டும்!

இந்தக் கேலி யார்மேல் என்பதைக் கவனிக்கவேண்டும். இரவெல்லாம் விருந்தாடி, நண்பகல் வரை உறங்கும் செல்வர்கள்மேல்தான். தாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதை அவர் மறைக்கவில்லை. ரொட்டி சுடுபவரும், பால் கொண்டுவருபவரும், தெருக் கூட்டுபவரும் சூரியனைத் தினமும் பார்த்தவர்கள். அவர்களுக்கு யாரும் "கண்டுபிடித்து"ச் சொல்ல வேண்டியதில்லை.

கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தைக் கண்டவர் பிராங்க்ளின்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. கடிகாரத்தைத் தொடும்படி அவர் சொல்லவே இல்லை. மனிதன் சீக்கிரம் எழவேண்டும் என்றுதான் சொன்னார். கடிகாரத்தை மாற்றும் யோசனையை முறையாக முன்வைத்தவர்கள் இருவர். ஒருவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹட்சன். அஞ்சலகத்தில் வேலை, பூச்சிகளைச் சேகரித்து ஆராய்வதில் ஆர்வம். வேலை முடிந்தபின் பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டுமே! கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்தள்ளலாம் என்று 1895ஆம் ஆண்டு ஓர் அறிஞர் சபையில் கூறினார். சபையினர் அதைக் கேலி செய்தார்கள்.

மற்றவர் இங்கிலாந்தின் கட்டடத் தொழில் அதிபர் வில்லியம் வில்லெட். அதிகாலையில் குதிரைச் சவாரி போகும்போது, விடிந்தபின்னும் வீடுகளில் திரை விலகாதிருப்பதைக் கண்டவர். 1907ஆம் ஆண்டு ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் கடிகாரத்தை முன்தள்ளி, செப்டம்பரில் அதே முறையில் திருப்பிக்கொள்வது அவர் திட்டம். 1908இல் நாடாளுமன்றத்திற்கு மசோதா சென்றது, நிறைவேறவில்லை. வில்லெட்டை நையாண்டி செய்தவர்கள் ஏராளம். விளையாட்டாக எழுதிய பெரியவருக்குப் பின்னாளில் பாராட்டு. மெய்யாகவே உழைத்தவர்களுக்குக் கேலி! வில்லெட் 1915இல் காலமானார். அடுத்த ஆண்டே, முதல் உலகப் போரில் நிலக்கரியைச் சேமிப்பதற்காக, 1916 ஏப்ரல் 30ஆம் நாள் ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்பற்றியது.

இந்தச் சிரிப்பின் சரித்திரம் மலாயாவுக்கும் வந்தது. 1905 முதல் நம் கடிகாரம் கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி முன்னே ஓடியது. 1933 ஜனவரி முதல் நாள் அது 20 நிமிடம் முன்தள்ளப்பட்டது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரமே இங்கும் நேரம். சூரியன் உதிக்கும்போது மணி ஏறத்தாழ எட்டு! 1945இல் பழைய நேரம் திரும்பியது. தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தின் கீழ்க் கொண்டுவர, 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குக் கடிகார முட்கள் 12க்குத் தள்ளப்பட்டன. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால்தான் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி பெரும்பாலும் ஒன்றைத் தாண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் கோடைப் பகல் நீளமானது. ஆகவே கடிகாரத்தைத் தள்ளுவதில் ஒரு நியாயம் இருந்தது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. இங்கே மாற்றம் நாட்டு நிர்வாகத்தின் வசதிக்காக வந்தது. அதை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் ரப்பர் மரம் ஏற்றுக்கொண்டதா?

மரத்திற்குக் கடிகாரம் இல்லை. இரவில் மரம் நீரை உறிஞ்சிக்கொள்ள, பட்டையின் பால்குழாய்கள் விம்மி நிற்கின்றன. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. குழாயின் அழுத்தம் தளர்கிறது. மங்கில் விழும் பாலும் குறைகிறது. ஆகவே பால்வெட்டுக்கு விடியற்காலைதான் நேரம். பெரட்டு மணியைச் சூரியனுக்குத் தக்கபடி அடித்தால், வேலை முடியும் போது கடிகாரத்தில் அரைமணி கூடியிருக்கும். கடைக்கும் அஞ்சலகத்திற்கும் போக நேரம் குறையும். கடிகாரத்திற்குத் தக்கபடி அடித்தால், அரைமணி அதிக இருட்டில் எழவேண்டும். அந்த இருட்டில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுபவள் தாய். பள்ளிக்கூடமோ கடிகாரத்தின் பக்கம். விடியுமுன்னே புத்தகப் பையோடு பாதையில் இறங்குவது குழந்தை. தூங்குகிற செல்வர்களை எழுப்பப் பிறந்த யோசனை, முன்பே எழுந்துவிட்டவர்களை இன்னும் முன்னே எழுப்புகிறது!

பிராங்க்ளினின் கணக்கும் முழுக் கணக்கன்று. அவர் மெழுகை மட்டும் எண்ணினார். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 2006இல் முழுமையாகக் கோடை நேரத்திற்கு மாறியபோது ஆய்வாளர்கள் வீடுகளின் மின்சாரக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விளக்குச் செலவு குறைந்தது. ஆனால் குளிர்சாதனச் செலவும் கணப்புச் செலவும் கூடி, மொத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு உயர்ந்தே இருந்தது.

நேயர்களே! ஹட்சனையும் வில்லெட்டையும் பார்த்துச் சிரித்தவர்கள் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. பிராங்க்ளின் எடுத்தார், அதனால் அவர் சிரிப்பு 200 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. நாளை ஒரு புதிய இயந்திரத்தைப் பற்றி, ஒரு புதிய திட்டத்தைப் பற்றிச் செய்தி வரும். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிப்போம். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வோம்: எண்ணெய் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு? கடைசியாக, பிராங்க்ளின் கேட்காமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம்: இந்த மிச்சம் யாருக்கு? இதற்காக யார் முன்னே எழவேண்டும்? இருட்டில் எழுந்து பழகியவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு.