யூ.எஸ். 64: இந்தியாவின் முதல் பரஸ்பர நிதித் திட்டம்

யூ.எஸ். 64 என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ‘யூனிட் திட்டம் 1964’, இந்தியாவில் தொடங்கப்பட்ட முதல் பரஸ்பர நிதித் திட்டம் ஆகும். யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற அரசு சார்ந்த நிறுவனம் இதனை 1964 ஜூலை 1 அன்று தொடங்கியது. 2003 மே மாத இறுதியில் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட 39 ஆண்டுகளில், பங்குச் சந்தைப் பக்கமே போகாத பல லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வருமானம் தரும் முதலீடாக இது விளங்கியது. ஓய்வு பெற்ற ஊழியர்கள், விதவைகள், மகளின் திருமணத்திற்காகச் சேமித்தவர்கள் எனப் பலரும் வங்கி வைப்பைப் போலவே இதையும் நம்பினர். உண்மையில் இது வங்கி வைப்பு அன்று. அந்த வேறுபாடு பெரும்பாலோருக்குப் புரிந்தது 2001-ஆம் ஆண்டில்தான்.

தோற்றம்

பலருடைய சிறு தொகைகளை ஒன்றாகத் திரட்டி, அதைப் பல நிறுவனங்களின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்து, கிடைக்கும் ஆதாயத்தைப் பங்கிட்டுத் தருவதே பரஸ்பர நிதி. லண்டனில் 1868-லேயே இவ்வகை அமைப்பு தோன்றிவிட்டது. இன்றுள்ள வடிவில் அமைந்த திறந்தநிலை நிதி 1924-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் தனியார் துறைக்கு நிதி திரட்டும் வழிகளை ஆராய்ந்த ஷ்ராஃப் குழு, யூனிட் டிரஸ்ட் அமைக்கலாம் என்று 1954-இல் பரிந்துரைத்தது. ஆனால் அது செயலுக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின.

அதைச் செயலுக்குக் கொண்டுவந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இதில் ஒரு விந்தை உண்டு. அவர் முதன்முறை நிதியமைச்சராக இருந்தபோது, ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்தது. பொதுமக்களின் காப்பீட்டுப் பணம் ஒரு தனி மனிதரைத் தாங்கிப் பிடிக்கப் பயன்பட்டதா என்ற கேள்வியை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானபோது அவர் கொண்டுவந்த முக்கியச் சட்டங்களுள் ஒன்று யூனிட் டிரஸ்ட் சட்டம். பொதுமக்கள் பணத்தை அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று பங்குச் சந்தையில் இடும்போது என்ன ஆபத்து நேரும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அன்றைக்கு வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

டிரஸ்டின் தொடக்க மூலதனம் 5 கோடி ரூபாய். அதில் பாதியை ரிசர்வ் வங்கி தந்தது. எஞ்சியதை ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஸ்டேட் வங்கி, பிற வங்கிகள், நிதி நிறுவனங்கள் ஆகியவை தந்தன. 1964 பிப்ரவரி 1 அன்று நிறுவனம் தொடங்கியது. ஆர். எஸ். பட் முதல் தலைவரானார். 1978-இல் ரிசர்வ் வங்கியின் இடத்திற்கு இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி வந்தது.

திட்டம் இயங்கிய விதம்

ஒரு யூனிட்டின் முகமதிப்பு 10 ரூபாய். டிரஸ்டின் கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஆண்டு முடிந்ததும் டிவிடெண்ட் அறிவிப்பு வரும். அதன் பின் காசோலைகள் தபாலில் வரும். ஜூலை மாதத்தில் யூனிட்டின் விற்பனை விலை குறைவாக வைக்கப்படும். பிறகு மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றப்படும். ஆகவே ஜூலையில் வாங்குவதே லாபம் என்பது முகவர்கள் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடமாகிப் போன பாடம்.

முதல் ஆண்டில் டிவிடெண்ட் 6.1 சதவீதம். அதன்பின் அது படிப்படியாக உயர்ந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80எல் பிரிவில் கிடைத்த சலுகையும் மாத ஊதியக்காரர்களை ஈர்த்தது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யூனிட்டின் விற்பனை விலையையும் திரும்பப் பெறும் விலையையும் டிரஸ்டின் நிர்வாகமே தீர்மானித்தது. இன்றைய பரஸ்பர நிதிகளில் ஒவ்வொரு வேலை நாளும் நிகரச் சொத்து மதிப்பு, அதாவது என்.ஏ.வி., வெளியிடப்படுகிறது. நிதியின் கையிலுள்ள பங்குகள், பத்திரங்கள், ரொக்கம் ஆகியவற்றின் அன்றைய சந்தை மதிப்பைக் கூட்டி, செலவுகளையும் கடன்களையும் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் கிடைப்பதுதான் அது. யூ.எஸ். 64-இல் அந்த மதிப்பு வெளியே சொல்லப்படவில்லை. யூனிட் வைத்திருந்தவருக்குத் தெரிந்தவை இரண்டே: டிரஸ்ட் அறிவித்த விலை, டிரஸ்ட் தந்த டிவிடெண்ட்.

பணத்தின் பெரும்பகுதி கடன் பத்திரங்களிலும் நிலையான வருமானம் தரும் முதலீடுகளிலும் இருந்தவரை இதனால் பெரிய தீங்கு விளையவில்லை. வட்டி வரும், டிவிடெண்ட் போகும், மீதி காப்பு நிதியில் சேரும்.

26 சதவீத டிவிடெண்ட்

1980-களில் எம். ஜே. பெர்வானி தலைமையில் டிரஸ்ட் வேகமாக வளர்ந்தது. 1986-இல் மாஸ்டர்ஷேர் என்ற பங்கு சார்ந்த திட்டம் வந்தது. 1987-இல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் தத்தம் பரஸ்பர நிதிகளைத் தொடங்கியதோடு டிரஸ்டின் ஏகபோகம் முடிந்தது. 1993-இல் தனியாருக்கும் கதவு திறந்தது. முதலில் நுழைந்த தனியார் நிதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்தாரி பயோனியர். 2002-இல் அதை ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

தாராளமயமாக்கலுக்குப் பின் பங்குச் சந்தை ஏறிய காலத்தில் யூ.எஸ். 64-இன் முதலீட்டுக் கலவை மாறியது. பங்குகளில் இருந்த தொகை பாதியைத் தாண்டியது. 1992-93, 1993-94 ஆகிய இரு ஆண்டுகளிலும் 26 சதவீத டிவிடெண்ட் அறிவிக்கப்பட்டது. இந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கிடப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 ரூபாய் யூனிட்டுக்கு 2 ரூபாய் 60 காசு. ஒருவர் அந்த யூனிட்டை 15 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால், அவருடைய உண்மையான வருவாய் சுமார் 17 சதவீதமே. அதுவும் அக்காலத்து வங்கி வட்டியைவிட அதிகம்தான்.

சந்தை இறங்கினாலும் டிவிடெண்ட் இறங்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு இதனால் வேரூன்றியது. முதலீட்டாளருக்கு அது உரிமையாகவும், நிர்வாகத்திற்கு அது மானப் பிரச்சினையாகவும் ஆனது. ஈட்டிய வருமானம் போதாத ஆண்டில், நல்ல பங்குகளை விற்றோ காப்பு நிதியை எடுத்தோ டிவிடெண்ட் கொடுத்தால், விதைநெல்லை எடுத்து உலையில் போட்ட கதைதான். மேலும், சிறு சேமிப்பாளர்களுக்காக ஏற்பட்ட இந்தத் திட்டத்தில் பெரிய கம்பெனிகளும் பணத்தைப் போட்டன. அவற்றுக்கு இது பாதுகாப்பான, வரிச் சலுகையுள்ள, வேண்டியபோது எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் இடமாக இருந்தது. 1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற செபி பிற பரஸ்பர நிதிகளுக்கு விதிகள் வகுத்தபோதும், யூ.எஸ். 64 அந்த வரம்புக்கு வெளியிலேயே இருந்தது.

1998: முதல் அதிர்ச்சி

1997-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நிதி நெருக்கடி. 1998 மே மாதம் பொக்ரான் அணு சோதனை. அதைத் தொடர்ந்து பொருளாதாரத் தடைகள். அக்டோபரில் சென்செக்ஸ் 3,000 புள்ளிகளுக்குக் கீழே சென்றது. அந்த மாதத்தில்தான் யூ.எஸ். 64-இன் காப்பு நிதி 1,098 கோடி ரூபாய் எதிர்மறையில் இருப்பது வெளிவந்தது. அந்த ஜூனில் முடிந்த ஆண்டுக்கு 20 சதவீத டிவிடெண்ட் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

உண்மை மதிப்பைவிட அதிக விலைக்கு யூனிட்டைத் திரும்ப வாங்கினால் என்ன நடக்கும்? ஒரு சிறு கணக்கு: 100 பேர் ஆளுக்கு ஒரு யூனிட் வைத்திருக்கிறார்கள். நிதியின் மொத்தச் சொத்து 800 ரூபாய். ஆக, ஒரு யூனிட்டின் உண்மை மதிப்பு 8 ரூபாய். ஆனால் அறிவித்த விலை 14 ரூபாய். முதலில் விழித்துக்கொண்ட 50 பேர் விற்று வெளியேறினால் 700 ரூபாய் போய்விடும். மீதமுள்ள 50 பேருக்கு 100 ரூபாய்; ஆளுக்கு 2 ரூபாய். முந்திக்கொண்டவர் பெற்ற கூடுதல் தொகை முழுவதும் காத்திருந்தவருடைய பணம்.

தீபக் பரேக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் விலையை நிகரச் சொத்து மதிப்போடு இணைக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. யூ.எஸ். 64-இல் இருந்த பொதுத்துறை நிறுவனப் பங்குகளைத் தனித் திட்டம் ஒன்றிற்கு மாற்றி அரசு கைகொடுத்தது. 1999 பட்ஜெட்டில் டிவிடெண்டுக்கு மூன்றாண்டு வரிவிலக்கும் கிடைத்தது. டிவிடெண்ட் 13.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் திட்டம் பிழைத்தது. விலையை மதிப்போடு இணைக்கும் வேலை மட்டும் தள்ளிப்போனது. அதை உடனே செய்திருந்தால் அப்போதே வலித்திருக்கும். ஆனால் வலி எல்லாருக்கும் சமமாகப் பகிரப்பட்டிருக்கும்.

2001 ஜூலை 2

1999-இன் பிற்பகுதியில் மென்பொருள், தகவல் தொடர்புத் துறைப் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறின. 2000 பிப்ரவரியில் சென்செக்ஸ் 6,000 புள்ளியைத் தொட்டது. பிறகு சரிவு. 2001 மார்ச்சில் கேதன் பரேக் விவகாரம் வெடித்தது. ஜூலைக்குள் சென்செக்ஸ் 3,500-க்கும் கீழே வந்துவிட்டது. இதற்கு முன்பே, அவ்வாண்டின் ஏப்ரல், மே மாதங்களில் கம்பெனிகள் யூ.எஸ். 64-இலிருந்து பெருந்தொகையை அறிவித்த விலையில் எடுத்துவிட்டன. மேலே கண்ட கணக்கில் முதலில் விழித்துக்கொண்ட 50 பேர் இவர்களே. நாளிதழில் டிவிடெண்ட் அறிவிப்பை எதிர்பார்த்திருந்த ஓய்வூதியருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

ஜூலை 2 அன்று டிரஸ்டின் குழு கூடியது. டிவிடெண்ட் 10 சதவீதம் என்றும், ஆறு மாதங்களுக்கு யூனிட் விற்பனையும் திரும்பப் பெறுதலும் நிறுத்தம் என்றும் அறிவித்தது. தலைவர் பி. எஸ். சுப்பிரமணியம் பதவி விலகினார். அதே மாதத்தில், ஒரு தனியார் நிறுவனப் பங்கில் டிரஸ்ட் செய்த முதலீடு தொடர்பான வழக்கில் கைது செய்யப்பட்டார். எம். தாமோதரன் பொறுப்பேற்றார்.

டிவிடெண்ட் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பணத்தை எடுக்கவே முடியாது என்பதுதான் மக்களை நிலைகுலையச் செய்தது. மருத்துவச் செலவும் கல்லூரிக் கட்டணமும் ஆறு மாதம் காத்திருப்பதில்லை. எதிர்ப்பு பலமாக எழவே, ஆகஸ்ட் முதல் ஒருவர் 3,000 யூனிட் வரை 10 ரூபாய் விலையில் விற்கலாம் என்றும், அந்த விலை மாதந்தோறும் சிறிது உயர்ந்து 2003 மே மாதத்தில் 12 ரூபாய் ஆகும் என்றும் அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்த வரம்பு 5,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 2003 மே மாதத்தில் 10 ரூபாய் உறுதி செய்யப்பட்டது.

2002 ஜனவரியில் நிகரச் சொத்து மதிப்பு முதன்முறையாக வெளியிடப்பட்டது. அது 6 ரூபாய்க்கும் கீழே இருந்தது.

அரசு உத்தரவாதம் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்து, ரிசர்வ் வங்கி மூலதனம் தந்து, நிதியமைச்சகம் தலைவரை நியமித்த நிறுவனத்தை மக்கள் அரசு என்றுதான் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தைத் தவறு என்று சொல்ல அரசாலும் முடியவில்லை. 2002 ஆகஸ்ட் இறுதியில் 14,561 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. யூ.எஸ். 64-ஐப் பற்றிக் கேள்விப்பட்டிராத வரி செலுத்துவோரும் இதில் பங்கு ஏற்க வேண்டியதாயிற்று.

பிரிவும் பின்விளைவும்

1963-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2003 பிப்ரவரி 1 முதல் டிரஸ்ட் இரண்டாகப் பிரிந்தது. ஸ்டேட் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆகியவற்றின் ஆதரவில் யூ.டி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் செபியின் விதிகளுக்கு உட்பட்டு இயங்கத் தொடங்கியது. யூ.எஸ். 64-உம், குறிப்பிட்ட வருவாய்க்கு உறுதி தந்த பிற திட்டங்களும், சூட்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தனி அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டன. 2003 மே மாதத்தில் யூ.எஸ். 64 யூனிட் வைத்திருந்தோர் ரொக்கமாகப் பெறலாம், அல்லது 6.75 சதவீத வட்டி தரும் ஐந்தாண்டு வரியில்லாப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. ஏமாந்து சலித்த பலர் மாத வருமானத்தைவிட நிம்மதி போதும் என்று வெளியேறினர்.

அதே ஆண்டில்தான் சந்தை திரும்பியது. 2007 டிசம்பரில் சென்செக்ஸ் 20,000 புள்ளிகளுக்கு மேல் நின்றது. சூட்டியின் வசம் இருந்த ஐ.டி.சி., லார்சன் அண்ட் டூப்ரோ, ஆக்ஸிஸ் வங்கி ஆகியவற்றின் பங்குகள் பல மடங்கு உயர்ந்தன. ஆக்ஸிஸ் வங்கியே 1994-இல் டிரஸ்ட் முன்னின்று தொடங்கிய யூ.டி.ஐ. வங்கிதான், 2007-இல் பெயர் மாறியது. வரியில்லாப் பத்திரங்கள் 2008-இல் முதிர்ந்து, பணம் திருப்பித் தரப்பட்டது. பங்குகளை அரசு பின்னர் தவணை தவணையாக விற்றது. 2017 பிப்ரவரியில் ஐ.டி.சி.யின் 2 சதவீதப் பங்கை விற்றதில் மட்டும் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அந்தத் தொகை அரசின் பங்கு விற்பனை வருவாயில் சேர்க்கப்பட்டது. பழைய யூனிட்தாரர்களுக்கு அதில் பங்கு இல்லை.