நடுவில் நிற்கும் பக்கம்

மன்னார்க் கரையிலே அரிப்பு என்றொரு கடலோர ஊர் உண்டு. முத்துக்குளிப்பால் உலகறிந்த இடம். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாயிருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1679இல் தோழர் ஒருவருடன் காடு கடந்து வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். அவர் எழுதிய இலங்கை பற்றிய நூல் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. அதன் உள்ளடக்கத்தைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டனர். எனக்கு அதன் முகப்புப் பக்கத்தின் மீதே கண்.

நூலின் பெயர், சிறைவாசம், தப்பிய கதை, படங்களும் தேசப்படமும் உண்டென்ற அறிவிப்பு, ஆசிரியர் பெயர், அச்சிட்ட றிச்சர்ட் சிஸ்வெலின் பெயர், ஆண்டு என்று அக்கால வழக்கப்படி நீண்டு செல்லும் முகப்பு அது. பெரியதும் சிறியதுமான வரிகள் ஒரு நடுக்கோட்டைப் பற்றி நிற்கின்றன. இன்று இந்நூலை இணையத்தில் எவரும் படிக்கலாம். ஆனால் அந்த முகப்பைக் கணினித் திரையின் நடுவில் நிறுத்துவதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

நமது ஏட்டுச்சுவடிகளில் இச்சிக்கல் எழவில்லை. ஓலை முழுவதும் விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுத்து ஓடும். இடத்தை வீணாக்குவது எழுத்தாணி பிடித்தவனுக்குக் கட்டுப்படியாகாது. நடுவில் நிறுத்தும் பழக்கம் அச்சோடு வந்தது. ஈய அச்சில் வெற்றிடம் என்பதும் ஓர் உலோகத் துண்டே. அச்சுக்கோப்பவர் வரியை அடுக்கியபின், மீந்த இடத்தை இரண்டாகப் பகுத்து, எழுத்தில்லாத கட்டைகளை இருபுறமும் சமமாக இட்டு இறுக்குவார். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது அக்கலை தன் இறுதி நாள்களில் இருந்தது. அடிகோல் எடுக்காமலே கண்ணால் பகுத்துவிடும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் இந்த வேலையை முதலில் எளிதாக்கியது நெட்ஸ்கேப் உலாவி. 1994இல் அது ‘சென்டர்’ என்ற குறியைக் கொண்டுவந்தது. அதற்குள் எதை இட்டாலும் நடுவுக்கு வந்துவிடும். தமிழர் விடுவார்களா? தொண்ணூறுகளின் இறுதியில் நம்மவர் அமைத்த பக்கங்கள் பல, தலைப்பு முதல் கடைசி வரி வரை நடுவில் நின்று கலியாண அழைப்பிதழ்களைப் போலக் காட்சியளித்தன. நீண்ட கட்டுரையை அப்படிப் படிப்பது தண்டனைதான். வரி தொடங்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாற, கண் தடுமாறும். சொற்கள் நீண்ட தமிழில் அது இன்னும் மோசம்.

பெட்டி நடுவில் இருக்கவேண்டும், அதனுள்ளே எழுத்து இடப்பக்கம் சீராகத் தொடங்கவேண்டும், தேவைப்பட்டது இதுவே. 1994 அக்டோபரில் நோர்வேக்காரர் ஹோகோன் வியும் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக ஏற்ற சி.எஸ்.எஸ். இதற்கு விடை வைத்திருந்தது. பெட்டிக்கு ஓர் அகலம் கொடுத்து, இடது வலது ஓரங்கள் இரண்டையும் ‘ஆட்டோ’ என்று விட்டுவிட்டால், மீந்த இடத்தை உலாவியே சமமாகப் பகுத்துக்கொள்ளும். அச்சுக்கோப்பவர் செய்தது அதேதான். அகலம் சொல்லாவிட்டால் பெட்டி திரை முழுவதும் பரவிவிடும், பகுக்க எதுவும் மிஞ்சாது. பலர் இதை மறந்துவிட்டு உலாவியைத் திட்டுவர். 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 வெளியானபோது ‘சென்டர்’ கைவிடத்தக்க குறிகளின் பட்டியலில் சேர்ந்தது.

ஏட்டில் விதி இருந்தால் போதுமா? விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 ‘ஆட்டோ’ ஓரத்தை மதிக்கவில்லை. மாறாக, எழுத்துகளை மட்டும் நடுவாக்க வேண்டிய கட்டளை அதில் பெட்டியையும் நடுவுக்கு இழுத்தது. ஆகவே அக்காலத்தினர் அப்பிழையையே கருவியாக்கினர். பக்கம் முழுவதற்கும் எழுத்தை நடுவாக்கச் சொல்வது, உள்பெட்டிக்குள் மீண்டும் இடப்பக்கம் சேர்க்கச் சொல்வது, கூடவே முறையான ‘ஆட்டோ’ ஓரத்தையும் எழுதி வைப்பது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பு, பக்கத்தின் தலையில் உரிய ஆவண அறிவிப்பு இருந்தால் மட்டுமே சரியாக நடந்தது.

இன்னொரு குறுக்குவழியும் இருந்தது. பெட்டியைத் திரையின் பாதிவரை தள்ளி, பிறகு அதன் அகலத்தில் பாதியைப் பின்னிழுப்பது. சன்னல் பெட்டியைவிடச் சிறியதானால் இடது பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். உருட்டிப் பார்க்கவும் இயலாது. ஒவ்வொரு வரியின் முதற்சொல்லும் மறைந்த பக்கத்தை யார் படிப்பது? ‘ஆட்டோ’ ஓரத்தில் இந்த ஆபத்தில்லை. இடம் போதாதபோது பெட்டி இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கைப்பேசி வந்தபின் நிலையான அகலத்துக்குப் பதில் ‘உச்ச அகலம்’ சொல்வது வழக்கமாயிற்று. பின்னர் ஃபிளெக்ஸ், கிரிட் என்ற புதிய முறைகளும் சேர்ந்தன. எனினும் ஒரு கட்டுரைப் பக்கத்துக்குப் பழைய ‘ஆட்டோ’ ஓரமே போதும்.

அரிப்பில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டொரிக் தூண் மாளிகை ஒன்று உண்டு. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பர். அதன் இடிபாடுகளைக் கடல் அரித்து வருகிறது. போரால் சிதறிய நம்மவர் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து கட்டிய பழைய தமிழ்ப் பக்கங்களை அரித்தது வேறொன்று. ‘சென்டர்’ குறி வழக்கொழிந்தது என்று அறிவிக்கப்பட்டும் இன்றைய உலாவிகள் அதை மதிக்கின்றன. ஆதலால் அப்பக்கங்களில் எஞ்சியவை இன்றும் பிசகாமல் நடுவில்தான் நிற்கின்றன. ஆனால் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று இந்நிலையில் கண்ணில் பட்டால், உரையைப் பிரதியெடுத்து மாற்றி, உரியவருக்கு அனுப்பிவையுங்கள்.