லூசு: நட்டுக்கும் அதே வார்த்தை, நண்பனுக்கும் அதே வார்த்தை!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்க. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் இந்த வார்த்தை காதில் விழுந்துடும். "டேய் லூசு, ஐடி கார்டை கேன்டீன்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

லூசு என்றால் முட்டாள்னு ஒரே வார்த்தையில் முடிச்சிட முடியாது. 'மக்கு', 'மண்டு' எல்லாம் எதுவும் மண்டையில் ஏறாதவர்களுக்கு. லூசு அப்படியில்லை, டிப்ளமோவில் முதல் மார்க் வாங்கினவருக்கும் பொருந்தும். யோசிக்காம ஒண்ணு செஞ்சாலோ, சம்பந்தமில்லாம பேசினாலோ நாம லூசு. இதிலேயே 'அரைலூசு'ன்னு ஒண்ணு இருக்கு. பாதிதானே, பரவாயில்லைனு யாரும் சந்தோஷப்பட்டதில்லை. முழு லூசைவிட அதுக்குத்தான் கோபம் அதிகம் வரும்!

வார்த்தை ஆங்கில 'லூஸ்'தான். 'மண்டையில ஸ்க்ரூ லூஸ்' என்பதில் மண்டையும் ஸ்க்ரூவும் காணாமல் போய், கடைசி வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கு. இதே அர்த்தத்தில் 'மரை கழண்ட கேஸ்', 'நட்டு கழண்டவன்' என்றும் சொல்வோம். ஸ்க்ரூவில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரிதான் மரை. மொத்தத்தில் எல்லாமே பட்டறை வாசனை அடிக்கும் திட்டுகள்.

அதனால்தான் இந்த ஏரியாவில் லூசுக்கு இரட்டை வேலை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. இப்போ காரிடார் முழுக்க நட்டும் போல்ட்டும்தான். டார்க் ரெஞ்ச்சில் 'டக்'னு சத்தம் வரும்வரை முறுக்கி, மார்க்கரில் ஒரு கோடு போடுவாங்க. லூஸா இருந்தா ரீவொர்க்.

யார் சொல்றாங்க என்பதில்தான் விஷயமே இருக்கு. காதலி "லூசு"ன்னு சொன்னா அது செல்லம். ரூம்மேட் சொன்னா உரிமை. லைன்ல சூப்பர்வைசர், பத்து பேர் முன்னாடி, சேர்ந்து ஒரு வாரமான டிரெய்னியைப் பார்த்து, "லூசாடா நீ, இதைக்கூடவா கேப்ப?"ன்னா? அடுத்த தடவை அவன் கேட்க மாட்டான். போல்ட் நிஜமாவே லூஸா இருந்தாலும்.

ஜப்பானில் இது நடந்திருக்கு. பார்ட்டைத் திருப்பி மாட்டவே முடியாதபடி ஃபிக்ஸரில் ஒரு பின் வைப்பது மாதிரியான ஏற்பாடுகளுக்கு அங்கே 'பாக்கா-யோக்கே' என்று பெயர். பாக்கான்னா முட்டாள். 1960-களில் ஒரு கார் பாடி தொழிற்சாலையில் அந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி, 'நான் அவ்வளவு முட்டாளா?' என்று அழுதுவிட்டார். அங்கே ஆலோசகராக இருந்த இன்ஜினீயர் ஷிகேயோ ஷிங்கோ, பெயரையே 'போக்கா-யோக்கே' என்று மாற்றினார். போக்கான்னா கவனக்குறைவால் வரும் தப்பு. முட்டாள் போய், தப்பு மட்டும் நின்றது.

நம்மூர் டிப்ளமோ பசங்க குவாலிட்டி டிரெய்னிங்கில் எழுதிக்கிறதும் அந்த இரண்டாவது பெயரைத்தான்.