மூன்று வயதுக்கு அரை ரொட்டி

‘செவ்விந்தியர்’ ஒருவரை வரையும்படி ஏதேனும் ஒரு குழந்தையிடம் சொல்லிப் பார்க்கலாம். தலையில் கழுகிறகு மகுடம், கையில் வில், பின்னணியில் கூம்பு வடிவத் தோல் கூடாரம், ஏறிச்செல்ல ஒரு குதிரை. ஹாலிவுட் படங்களாலும் லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் கதைகளாலும் வளர்க்கப்பட்ட நம்மிடம் சொன்னாலும் நாம் வரையப்போவது இதே படத்தைத்தான். ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய அமெரிக்கா இப்படித்தான் இருந்தது என்று நம்பிக்கொண்டும் இருக்கிறோம்.

இந்தப் படத்தில் ஒரு பிழை இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்த பழைய குதிரையினம் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு அழிந்துபோயிற்று. மறுபடியும் அந்த மண்ணில் குதிரை கால் பதித்தது ஸ்பானியரின் கப்பல்களிலிருந்து இறங்கித்தான். குதிரையேறிக் காட்டெருமை வேட்டையாடிய சமவெளி மக்களின் வாழ்க்கை அதற்கும் பிறகு உருக்கொண்ட ஒன்று. ஆக, ‘ஐரோப்பியருக்கு முன்’ என்று நம் மனத்தில் பதிந்துகிடக்கும் சித்திரமே ஐரோப்பியர் வந்த பின்னர் உருவானதுதான்.

பள்ளிப் பாடங்களும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. பெரும்பாலான நூல்களில் அமெரிக்கா 1492-இல், ஒரு கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கப்பட்டே தொடங்குகிறது. கரையில் நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பாடத்தில் வேலையே இல்லை. அவர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் போலக் காட்டப்படுகிறார்கள். சற்றே விழிப்புள்ள குழந்தையொன்று, ‘கொலம்பஸ் வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?’ என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்ல முடியும்? இக்கேள்விக்கு எங்கிருந்து பதில் தொடங்கலாம் என்பதையே இங்கே யோசிக்க விரும்புகிறோம்.

*

மன்னர்களிலிருந்தும் பிரமிடுகளிலிருந்தும் தொடங்குவது வழக்கம். நாமோ ஒரு ரொட்டியிலிருந்து தொடங்கலாம் என்போம்.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ‘மெண்டோசா சுவடி’ என்னும் ஓவியச் சுவடி ஒன்று இருக்கிறது. 1541-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மெக்சிகோவில் உள்ளூர் ஓவியர்களால் தீட்டப்பட்டது. ஸ்பானிய மன்னருக்கென்று அனுப்பப்பட்ட இச்சுவடி வழியில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், பல கை மாறி இங்கிலாந்து சேர்ந்தது என்பர். நாம் ஆஸ்டெக் என்றும், அவர்கள் தங்களை மெஷீகா என்றும் அழைத்துக்கொண்ட மக்கள் தம் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்பதை அதன் சில பக்கங்கள் ஆண்டுவாரியாகக் காட்டுகின்றன. குழந்தையின் வயது சிறு வட்டப் புள்ளிகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. பேசுபவரின் வாயருகே சுருள் போன்ற ஒரு குறி. அதுதான் பேச்சு.

அப்படங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகே மக்காச்சோள ரொட்டியும் வரையப்பட்டிருக்கிறது. மூன்று வயதுக்கு ஒரு வேளைக்கு அரை ரொட்டி. நான்கு, ஐந்து வயதுக்கு ஒன்று. ஆறு வயதிலிருந்து ஒன்றரை. பதின்மூன்றில் இரண்டு. நான்கு வயதுச் சிறுவன் தண்ணீர் சுமக்கிறான். ஆறு வயதில் சந்தைக்குப் போய்ச் சிந்திக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கி வருகிறான். ஏழு வயதில் வலை வீசக் கற்கிறான். சிறுமி நூல் நூற்கவும், மாவரைத்து ரொட்டி சுடவும், பதினான்கு வயதில் தறியில் நெய்யவும் கற்றுக்கொள்கிறாள். பதினைந்து வயதில் பையன்கள் கல்விக்கூடத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். குருமார்களும் மேற்குடியினரும் பயில ஒன்று, போர்ப்பயிற்சிக்கும் பொதுவான கல்விக்கும் மற்றொன்று.

பதினோரு வயதுப் பக்கம்தான் நம்மை நிறுத்துவது. சொல் பேச்சுக் கேளாத மகனைத் தந்தை, எரியும் காய்ந்த மிளகாயின் புகைக்கு மேலே பிடித்திருக்கிறார். பையனின் கண்களிலிருந்து நீர் வழிகிறது. சமையலறையில் மிளகாய் வறுபடும் நெடிக்கு வீடே இருமுவதைக் கண்ட தமிழ்க் குழந்தைக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இராது.

அந்த ஒரு கணத்தில் நிகழ்வது முக்கியமானது. ‘அவர்கள்’ என்னும் தூரத்துக் கூட்டம் மறைந்து, தன் வயதுள்ள ஒரு பையன் எதிரே வந்து நிற்கிறான். அவனுக்கும் ரொட்டி அளந்துதான் தரப்பட்டது, அவனும் அடம்பிடித்தான், அவன் அப்பாவும் கண்டிப்பானவர். இந்த உறவு ஏற்பட்டபின் கற்பிப்பது எதுவும் குழந்தையிடம் நிற்கும். ஏற்படாதவரை ஆண்டுகளும் அரசர் பெயர்களும் தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும்.

கூடவே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இச்சுவடி தீட்டப்பட்டது 1521-இல் மெஷீகா தலைநகர் வீழ்ந்து இருபது ஆண்டுகள் கழித்து. வரைந்தவை உள்ளூர்க் கைகள், விளக்கம் எழுதப்பட்ட மொழி ஸ்பானியம். வரைந்தவர்கள் தம் குழந்தைப்பருவத்தைச் சற்று ஒழுங்குபடுத்தியே காட்டியிருக்கலாம். ‘இதை யார், யாருக்காகச் செய்தார்?’ என்று கேட்கப் பழகுவது வரலாற்றின் முதல் பாடம். அதைப் பத்து வயதிலேயே தொடங்கிவிடலாம்.

*

ரொட்டியிலிருந்து மக்காச்சோளத்துக்குப் போவோம். காட்டில் தானாக விளைந்த தானியமன்று அது. தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டியோசின்டே என்னும் புல் இருக்கிறது. சில மணிகளே கொண்ட மெலிந்த கதிர், ஒவ்வொரு மணிக்கும் கல் போன்ற ஓடு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, நல்ல கதிரின் விதையைப் பொறுக்கி எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்த உழவர்களின் பல நூறு தலைமுறைகள் அந்தப் புல்லிலிருந்து உருவாக்கியதே மக்காச்சோளம். மனிதர் உதிர்த்து விதைக்காவிட்டால் அதனால் தானாகப் பரவ முடியாது.

அவர்களின் அறிவு அத்தோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டுக் கழுவி, அதன் பிறகே மாவாக அரைத்தார்கள். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து இவ்விதம் செய்தால்தான் உடலுக்குக் கிடைக்கும். ஐரோப்பியர் தானியத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். பின்னர் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும், மக்காச்சோளமே முழு உணவாகிப்போன ஏழை மக்களிடையே தோல் வெடித்து, சித்தம் கலங்கும் பெலாக்ரா நோய் பரவியது. ஸ்பெயினில் 1735-இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் அதைப் பதிவுசெய்தார். காரணம் தெளிவாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ‘நாகரிகமற்றோர்’ எனப்பட்டவர்களின் அடுக்களையில் அதற்கான விடை பல நூற்றாண்டுகளாக இருந்தது. விளைபொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, விளைவித்தவரின் அறிவைக் கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை நமக்குத் தெரியவில்லை.

உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, அன்னாசி எல்லாம் அக்கண்டங்களின் மக்கள் தந்தவையே. போர்ச்சுகீசியரால் இங்கு வந்த மிளகாய்க்கு நம் முன்னோர் மிளகின் பெயரையே நீட்டி வைத்தார்கள். தட்டில் இருப்பதைக் காட்டி, ‘இதை முதலில் பயிரிட்டவர் யார்?’ என்று கேட்பதற்குப் பாடநூல் வேண்டியதில்லை.

*

இங்கே ஒரு தடை வருகிறது. அலாஸ்கா முதல் படகோனியா வரை வாழ்ந்தவர்களை ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். ‘இந்தியர்’ என்பது கொலம்பஸின் புவியியல் பிழை. ‘சிவப்பு’ என்பது அதன்மேல் பூசிய வண்ணம். உண்மையில் அங்கே நூற்றுக்கணக்கான மொழிகளும் அத்தனை வகையான வாழ்க்கைகளும் இருந்தன.

மெஷீகாக்களின் தெனோச்தித்லான் ஏரிக்கு நடுவே எழுந்த நகரம். ஆழமற்ற நீரில் சேற்றையும் தழையையும் அடுக்கி எழுப்பிய சினாம்பா என்னும் பாத்திகள் அதற்குச் சோறு போட்டன. ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்காக்கள் எழுத்தில்லாமலே பெரும்பேரரசை ஆண்டார்கள். கணக்குகளைக் கயிற்று முடிச்சுகளில் வைத்தார்கள், கீப்பு எனப்படும் அம்முடிச்சுகள் பத்தடிமான எண்முறையைப் பின்பற்றியவை. மிசிசிப்பி ஆற்றருகே, இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிர்ப்புறம், கஹோக்கியா என்ற நகரம் 1050-க்குப் பின் தழைத்தது. கூடை கூடையாக மண் சுமந்து அங்கே எழுப்பிய மேடு முப்பது மீட்டர் உயரத்துடன் இன்றும் நிற்கிறது. மாயாக்களின் டிகால் ஓங்கி நின்றது எட்டாம் நூற்றாண்டில். இன்காப் பேரரசோ பதினைந்தாம் நூற்றாண்டுக்குரியது. இவற்றை ஒரே பக்கத்தில் ஒரே காலமாகப் போட்டுக் குழப்புவது, சங்க காலத்தையும் நாயக்கர் காலத்தையும் ஒன்றாகக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே எல்லாவற்றையும் சொல்ல முயல்வதைவிட ஓர் இடத்தையும் ஒரு மக்களையும் எடுத்துக்கொண்டு நிறைவாகச் சொல்வதே மேல். காலத்தின் ஆழத்தைக் காட்டவேண்டுமெனில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்களைச் சொல்லலாம். 2021-இல் வெளியான ஆய்வு, பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்து இறுகிய அத்தடங்களை 21,000 முதல் 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றது. அவற்றுள் பெரும்பாலானவை சிறுவர்களும் பதின்வயதினரும் விட்டுச்சென்றவை என்பது கூடுதல் மகிழ்ச்சி.

*

நரபலியை என்ன செய்வது? நல்லெண்ணத்தோடு கற்பிக்கும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அதை மட்டுமே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள். மெஷீகாக்கள் கடவுளருக்கு மனிதரைப் பலியிட்டார்கள். 1999-இல் ஆர்ஜெண்டினா எல்லையிலுள்ள யூயாயாக்கோ எரிமலையின் உச்சியில், இன்காக் காலத்தில் பலியிடப்பட்ட மூன்று சிறார்களின் உடல்கள் பனியில் கெடாமல் கிடைத்தன. இன்காக்களும் மெஷீகாக்களும் அண்டை மக்களை வென்று திறை வாங்கியவர்களே. அந்தப் பகையே ஸ்பானியருக்குக் கூட்டாளிகளைத் தேடித் தந்தது. வயதுக்கேற்ற சொற்களில் இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அதே நூற்றாண்டில் ஐரோப்பிய நகரச் சதுக்கங்களில் மனிதர் உயிரோடு எரிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லலாம், ஒன்றை மற்றொன்றால் நியாயப்படுத்துவதற்கன்று, மனிதர் எங்கும் மனிதரே என்பதற்காக. இயற்கையோடு இயைந்த புனிதர்கள் என்று போற்றுவதும் அவர்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவதுதான். காட்டுமிராண்டி என்பதற்கும் புனிதர் என்பதற்கும் பெரிய தூரமில்லை. தவறு செய்யவும், திருத்திக்கொள்ளவும், வாதிடவும் இருவருக்குமே இடம் தரப்படுவதில்லை.

*

இவ்வளவு கவலை எதற்கு, தொலைதூரத்துப் பழங்கதைதானே என்று கேட்கப்படலாம். இம்மக்களின் நினைவு அழிக்கப்பட்டதில் கல்விக்கே ஒரு பங்கு உண்டு என்பதே எங்கள் பதில்.

1562 ஜூலையில், யுகடானிலுள்ள மானி என்ற ஊரில் டியேகோ டே லாண்டா என்னும் பாதிரியார் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். இன்று உலகில் எஞ்சியுள்ள மாயாச் சுவடிகள் நான்கே நான்கு. அதே லாண்டா எழுதிவைத்த எழுத்துக் குறிப்புதான், 1952-இல் யூரி க்னோரொசோவ் மாயா எழுத்தின் புதிரை அவிழ்க்கக் கைகொடுத்தது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

முந்நூறு ஆண்டுகள் கழித்து எரிக்க நூல்கள் இல்லாத இடத்தில் குழந்தைகள் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். 1879-இல் பென்சில்வேனியாவில் திறக்கப்பட்ட கார்லைல் உறைவிடப் பள்ளி முன்மாதிரியாக, அமெரிக்காவெங்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் இயங்கின. பழங்குடிச் சிறார்கள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தலைமுடி வெட்டப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. கனடா அரசு 2008-இலும், அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் 2024-இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். தாத்தா பாட்டியிடமிருந்து குழந்தைக்கு வரவேண்டிய வரலாறு வகுப்பறையில் வைத்தே அறுக்கப்பட்டது. வகுப்பறைக்கு அந்தக் கடன் இருக்கிறது.

எனவே இந்தப் பாடத்தை இறந்தகாலத்தில் முடித்துவிடக் கூடாது. மெஷீகாக்கள் பேசிய நாவாட்ல் மொழியை இன்றும் மெக்சிகோவில் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். மாயா மொழிகளும் கெச்சுவாவும் பல லட்சம் பேரின் வீட்டு மொழிகள். சினாம்பாப் பாத்திகளில் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோவில் இன்னமும் காய்கறி விளைகிறது. சாக்லேட் என்று கேட்டு அடம்பிடிக்கும் நம் வீட்டுப் பிள்ளையும், தான் அறியாமலே, நாவாட்லிலிருந்து வந்த ஒரு சொல்லைத்தான் உச்சரிக்கிறது.

கொலம்பசுக்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்ப ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரொட்டிக்கான தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றும் மெக்சிகோ அடுக்களைகளில் அது ஊறிக்கொண்டிருக்கிறது. கேட்கும் குழந்தைக்கு இப்படித் தொடங்கிச் சொல்லலாம். மீதியை அது தானே கேட்கும்.