ஆபரேஷனுக்கு அப்புறம்

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எடையைக் குறைக்க இரைப்பை ஆபரேஷன் பண்ணிக்கப் போகிறான். "அதோட பிரச்சினை முடிஞ்சுதுடா" என்கிறான். அப்படியா என்று பழைய கதையைக் கிளறினேன்.

1954-லேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரம்பித்துவிட்டார்கள்! ஐடியா சிம்பிள்: சிறுகுடலை ஷார்ட் சர்க்யூட் செய்வது. 1969-ல் பெய்ன், டிவிண்ட் என்ற டாக்டர்கள் எழுதிய முறையில், இருபது அடிக் குடலில் சாப்பாடு கடந்தது வெறும் 18 அங்குலம். தின்றது ஒட்டாது, எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம்? ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரலே போச்சு. மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைத்துக்கொண்டவர்கள் பலர்.

ஐயோவாவில் எட்வர்ட் மேசன் வேறு மாதிரி யோசித்தார். அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்களுக்கு எடை ஏறாததைக் கவனித்து, 1966-ல் இரைப்பையைச் சிறிதாகப் பிரித்துக் குடலோடு இணைத்தார். இன்றைய கேஸ்ட்ரிக் பைபாஸுக்கு மூலம் இதுதான்.

இதுவும் சும்மா இல்லீங்க. இனிப்பை அவசரமாய் விழுங்கினால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல். பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. நான் எழுதும் கோடு மாதிரி, ரிலீஸுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பம் :-)

1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வு 2007-ல் சொன்னது: எடை கொஞ்சம் திரும்பி வந்தாலும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு.

எல்லாம் அண்ணனிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பிரியாணி?" என்றான்.

"ரெண்டு வாய், நல்லா மென்னு தின்னுண்ணே."