கரையில் நின்று கடலைப் பார்க்கும் தொண்டூழியர்கள்

ஜுரு ஆறு கடலில் கலக்கும் கோலா ஜுருவில் நின்றால் எதிரே பினாங்கு நீரிணை. வடக்கே முதல் பாலம், தெற்கே இரண்டாவது பாலம். இடையில் சிறு மீன்பிடிப் படகுகள் போய்வருகின்றன. அவற்றில் ஒன்று கவிழ்ந்தால் முதலில் காணப்போவது யார்? பெரும்பாலும் கரையில் இருப்பவர்தான். இதை ஒரு முறையான தொண்டாகவே சில நாடுகளில் செய்து வருகிறார்கள்.

இரண்டு மீனவர்களின் மரணம்

பிரிட்டனில் கடலோரக் காவல் படை, வானொலித் தொடர்பையும் புதிய கருவிகளையும் நம்பி, ஆட்கள் அமர்ந்து கடலைப் பார்க்கும் சிறு காவல் நிலையங்கள் பலவற்றை மூடியது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பாஸ் பாயிண்ட் நிலையமும் அவற்றில் ஒன்று. மூடப்பட்ட சில காலத்திலேயே, அந்த நிலையத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய இடத்தில் இரு மீனவர்கள் உயிரிழந்தனர். பார்க்க அங்கே ஆள் இல்லை.

உள்ளூர் மக்கள் அதே நிலையத்தை 1994-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் திறந்தார்கள். தேசியக் கடலோரக் கண்காணிப்புக் கழகம் இப்படித்தான் பிறந்தது. இன்று அதற்கு 50-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அங்கு பணியாற்றுவோர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள். செலவுக்குப் பெரிதும் நன்கொடைதான்.

என்ன செய்கிறார்கள்?

தொலைநோக்கியோடு முறை வைத்து அமர்ந்து, கடந்து செல்லும் படகின் வகை, நிறம், போகும் திசை, நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். வானிலையையும் பதிவு செய்கிறார்கள். அவசர அழைப்புக்கான வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசையைக் கேட்கிறார்கள். ஆபத்தைக் கண்டால் கடலில் குதிப்பதில்லை. கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லி, மீட்புப் படகுக்கு இடத்தைக் காட்டுகிறார்கள்.

பெரிய கப்பல்களில் இருக்கும் தானியங்கி அடையாளக் கருவி சிறு படகுகளில் பொதுவாக இருப்பதில்லை. மரப்படகும் ஃபைபர் படகும் ராடாரில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். தண்ணீரில் மிதக்கும் மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். அதனால்தான் இன்றும் கண் தேவைப்படுகிறது.

கண்டது போதாது, சொல்ல வேண்டும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பினாங்கில் மட்டும் 52 பேர் மாண்டனர். அதே நாளில் புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்தில் சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் அதை அறிவித்தார்கள். மீன் விலையும் வானிலையும் சொல்ல வைத்த ஒலிபெருக்கி அன்று ஓர் ஊரையே காப்பாற்றியது. தகவல் போய்ச்சேர வழி முன்பே இருந்ததுதான் காரணம்.

நாம் செய்யக்கூடியது

மலேசியாவில் கடல் தேடல், மீட்புப் பணியைக் கவனிப்பது 2005-இல் செயல்படத் தொடங்கிய மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம். அவசர எண் 999. தூண்டில் போடப் போனாலும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனாலும் இவற்றை நினைவில் வையுங்கள்:

• சிவப்பு வெளிச்சம், ஆரஞ்சு நிறப் புகை, பக்கவாட்டில் நீட்டிய இரு கைகளையும் மெதுவாக ஏற்றி இறக்குதல் – இவை அனைத்துலக ஆபத்துச் சைகைகள்.
• மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைக்கவும் முடியாது.
• ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் ஆபத்தில் இருப்பவர்மீது வைத்த கண்ணை எடுக்க வேண்டாம்.
• இடம், அருகிலுள்ள அடையாளம், படகின் நிறம், எத்தனை பேர், எந்த நேரம் என்று சொல்லுங்கள்.
• பயிற்சி இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். மிதக்கும் பொருளை வீசுங்கள்.

கடலுக்குப் போகிறவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரத்தில் வராதவரைத் தேடத் தொடங்க, அவர் வரவில்லை என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!